பன்னிரண்டு தண்டுகளும் ஒரு வெறும் கட்டைவிரலும்

மாவு அண்ணன் என்றால் அந்தப் பட்டறையில் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் தெரியும். எட்டாம் வகுப்போடு புத்தகப் பையைத் தூக்கிப் போட்டவர். இன்றைக்கு எலும்பு டாக்டர்கள் இடுப்புக்குள் இறக்குகிற டைட்டானியம் தண்டுக்கு வெள்ளைப் பூச்சுப் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அடுத்தவர் சொல்ல வேண்டியதில்லை. அவரே நாளைக்கு நாலு தடவை சொல்லிவிடுவார்.

வேலை இதுதான். வெறும் உலோகத்தை எலும்பு லேசில் சேர்த்துக்கொள்ளாது. எலும்பில் இருக்கிற அதே சரக்கை வெள்ளை மாவாகச் செய்து, பிளாஸ்மா என்கிற கொடுஞ்சூட்டுத் தீக்குள் வீசி, தண்டின்மேல் மெல்லிய தோலாகப் படியவைத்தால், எலும்பு அதை நம்ம ஆள் என்று கட்டிப் பிடித்துக்கொள்ளும். தீ கூடினால் மாவு கெடும், குறைந்தால் ஒட்டாது. பெரிய படிப்புக்காரர்கள் திரையைப் பார்த்துச் சொல்வதை, அவர் தீயின் இரைச்சலைக் கேட்டே சொல்லிவிடுவார். பதினோரு வருடமாக அவர் பூசிய தண்டு ஒன்றுகூடத் தள்ளுபடி ஆனதில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதரை மதிக்காத ஒரே ஆள் அவருடைய மகனின் மாமியார். தையல்கடை வைத்துத் தனியாளாகப் பிள்ளைகளை ஆளாக்கியவர். வாயும் கத்தரிதான். இப்போது இடுப்பு மூட்டு தேய்ந்து கைத்தடியோடு நடக்கிறார். அடுத்த மாதம் ஆபரேஷன்.

"ஏன் சம்மந்தி, சுண்ணாம்பு அடிக்கிறதுக்கா இவ்வளவு பெருமை?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

மாவு அண்ணன் விடுவாரா? பட்டறையில் வருடத்துக்கு ஒருநாள் குடும்பத்தாரை உள்ளே அனுமதிப்பார்கள். அந்த நாள் காலையிலேயே சம்பந்தியம்மாளை வண்டியில் ஏற்றி வந்துவிட்டார்.

உள்ளே பன்னிரண்டு தண்டுகள் சுழல்மேடையில் வரிசையாக நின்றன. காற்றோடு கடினமான துகளை அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியிருந்தார்கள். அந்தச் சொரசொரப்பில்தான் பூச்சுக்குப் பிடிமானம்.

"கிட்ட வாங்க, ஆனா தொட்டுடாதீங்க. விரல்ல இருக்கிற எண்ணெய் பட்டா போச்சு, அந்த இடத்துல பூச்சு பிடிக்காது. துடைச்சாலும் போகாது, குழிக்குள்ள இறங்கிடும்."

"நான் எதுக்குத் தொடறேன்? பாத்தா வழவழன்னுதானே இருக்கு."

"வழவழப்பா? இதுவா?" மாவு அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சம்பந்தியம்மாளின் தொப்பிக் கயிற்றைக் கட்டிவிடக் கையுறையைக் கழற்றியிருந்தவர், அப்படியே ஒரு தண்டை எடுத்துக் கட்டைவிரலால் மேலும் கீழும் தேய்த்துக் காட்டினார். "கேளுங்க, சரசரன்னு சத்தம் வருதா?"

"வருது. ஆமா, நீங்க தொடலாமா சம்மந்தி?"

"என் கை வேற!" என்று சொல்லித் தண்டை மேடையில் நிறுத்தினார். சொன்ன பிறகுதான் செய்த தப்பு உறைத்தது. ஆனால் அந்தம்மாள் முன்னால் வேலையை எப்படிப் பாதியில் விடுவது? மேடையைச் சுழற்றிவிட்டார், கதவை மூடினார், தீ இரைந்தது. வெளியே வந்த பன்னிரண்டும் பால் போல ஒரே வெள்ளை. எந்தத் தண்டைத் தொட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. தண்டின் எண்ணைப் பார்க்கிற நிலையிலா அப்போது இருந்தார்?

ஒவ்வொரு தடவையும் தண்டுகளோடு சேர்த்து, சோதனைக்கென்று ஒரு சின்ன உலோக வில்லைக்கும் பூச்சுப் போடுவார்கள். அதைப் பசையால் ஒட்டி இயந்திரத்தில் இழுத்துப் பார்த்து, பூச்சு தாங்கினால் பன்னிரண்டும் தேறியதாகக் கணக்கு. அன்றைக்கு வில்லை ஜோராகத் தாங்கியது. தாங்காமல் என்ன, அதை யார் தொட்டார்கள்?

"பிரமாதம்ணே," என்று பரிசோதனைக்காரப் பெண் சீட்டை நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கியவர் போடவில்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போய், டப்பாவைத் திறந்து, மூடி வைத்தார். சம்பந்தியம்மாள் எதிரே உட்கார்ந்து அவருடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

"டாக்டர்கிட்ட கேட்டேன் சம்மந்தி. உங்க பட்டறை சாமான்தான் எனக்கு வைக்கப் போறாராம். தெரிஞ்ச கை, பயமில்லைன்னுட்டேன்."

மாவு அண்ணன் கட்டைவிரலைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, பேச்சையே காணோம்? அந்தக் கட்டைவிரல் விஷயமா?"

"நீங்க பாத்தீங்களா?"

"நாப்பது வருஷமா அடுத்தவங்க கையைப் பாத்துத்தானே வேலை வாங்குனேன்! வெள்ளைத் துணியில எண்ணெய்க் கை பட்டா நான் விடமாட்டேன். நீங்க விட்டா எனக்கென்ன, இடுப்பு யாரோடதோ." கொஞ்சம் நிறுத்தி, "என்னோடதா இருந்தாலும் இருக்கும்" என்றார்.

மாவு அண்ணன் எழுந்து நேராகப் பரிசோதனை அறைக்குப் போனார். தொட்டதைச் சொன்னார், யாருக்காகத் தொட்டார் என்பதையும் சொன்னார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை.

"எந்தத் தண்டுண்ணே?"

"தெரியலம்மா. பன்னிரண்டையும் தள்ளு."

"பதினோரு வருஷக் கணக்கு போயிடுமே?"

"போகட்டும். தள்ளுன்னா தள்ளேன்."

அவள் சீட்டில் குறுக்கே கோடு போட்டாள். மாவு அண்ணன் இரண்டு நாள் யாரையும் கிட்டே சேர்க்காமல், பூச்சை அமிலத்தில் கரைத்து, கழுவி, அளவு பார்க்கக் கொடுத்து, மறுபடி சொரசொரப்பாக்கி, பன்னிரண்டையும் அவரே பூசி முடித்தார். இரண்டு நாளும் கையுறை மேல் கையுறை.

மூன்றாம் நாள் சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டார். குரல் பழையபடி நிமிர்ந்திருந்தது.

"தேறின சரக்கைத் தானே தள்ளினவன் இந்தத் தொழில்ல எவன் இருக்கான், சொல்லுங்க பாப்போம்!"

"ஒருத்தரும் இல்ல சம்மந்தி," என்றார் அந்தம்மாள். "டாக்டர்கிட்ட தேதி கேட்டாச்சு. அடுத்த மாசம் முதல் புதன்கிழமை. வந்து வெளியில உக்காருங்க, உள்ள வந்து எதையும் தொட்டுடாதீங்க."