இடுப்பில் கட்டிய பற்கள்

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் பத்தொன்பது வருடமாக எலும்பு கழுவிக்கொண்டிருந்தாள் அவள். மண்ணிலிருந்து வருவதைக் கழுவி, காயவைத்து, எண் எழுதித் தட்டில் அடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒரு கோடையில் எழுபது மான்பற்கள் வந்தன. ஏழாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் இடுப்பெலும்பைச் சுற்றிக் கிடந்தவை. ஒவ்வொன்றிலும் நூல் கட்டுவதற்கான கீறல். 'அலங்காரப் பொருள்' என்று இயக்குநர் எழுதியிருந்தார். கழுவும்போது அவள் விரலில் வேறொன்று தட்டுப்பட்டது. பல்லின் ஓரமெல்லாம் பொடிக் குழிகள்.

"சார், இது ஒண்ணோட ஒண்ணு மோதி வந்த குழி. அந்தப் பொண்ணு ஆடியிருக்கா. சத்தத்துக்காகக் கட்டின பல்லு இது."

"கழுவுறதோட நிறுத்திக்குங்கம்மா. ஆராய்ச்சி பண்ண நாங்க இருக்கோம்."

சுருக்கென்றது. மறுநாளே கறிக்கடைக்காரரிடம் போய் மாட்டுப்பல் கேட்டாள்.

"கறி வேணாம், பல்லு மட்டுமா? கூத்தா இருக்கே!" என்று சிரித்தாலும் சேர்த்துக் கொடுத்தார்.

வேகவைத்துச் சுத்தம் செய்து, கூர்கல்லால் கீறி, இரண்டு தோல்பட்டைகளில் கட்டினாள். ஒன்றில் பற்கள் தொங்கின. மற்றதில் அசையாமல் இறுக்கித் தைத்திருந்தாள். ஞாயிறுதோறும் வீட்டுக் கூடத்தில் கட்டிக்கொண்டு குதித்தாள், ஒவ்வொரு பட்டைக்கும் மொத்தம் ஆறு மணி நேரம். மூத்த நாத்தனார் கடிகாரம் பார்த்து நேரம் குறித்தாள். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்தார்.

"மேல என்ன, யானையா வளக்குறீங்க?"

"ஆமாங்க, பல்லோட!" என்றாள் நாத்தனார்.

முழங்கால் வீங்கியது. ஆனாலும் நுண்ணோக்கியில் பார்த்தபோது தொங்கிய பற்களில் அதே குழிகள் இருந்தன. இறுக்கித் தைத்தவற்றில் ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் பற்கள் தொங்கும் பட்டையைக் கட்டிக்கொண்டே போனாள். அடிக்கு அடி கலகலவென்றது.

"என்னம்மா இது?"

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க சார். இது போன பிறகும் பேசுது, கேளுங்க."

நுண்ணோக்கியில் எடுத்த படங்களை மேசையில் பரப்பினாள். இயக்குநர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"சரி, பட்டையைக் குடுத்துட்டுப் போங்க. நான் எழுதிடுறேன்."

"எம்பேரும் வந்தா தர்றேன். இல்லன்னா நீங்களே குதிச்சு எழுதிக்குங்க."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

அறிக்கையின் முதல் பிரதியில் அவள் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி வரிகளுக்குள் இருந்தது. திருப்பிக் கொண்டுபோய் வைத்தாள். "நன்றி வேணாம் சார், இடம் வேணும்."

அடுத்த பிரதியில் தலைப்புக்குக் கீழே, இயக்குநர் பெயருக்குப் பக்கத்தில் வந்தது. நாத்தனார் அதை உரக்க வாசித்துவிட்டு முறைத்தாள்.

"அப்ப மணி பாத்தவ பேரு எங்க?"

"வாங்க அண்ணி, அதுக்கும் போய்ச் சண்டை போடுவோம்."