குறை வண்டியில்தான் இருந்தது

மூன்று வருஷங்களுக்கு முன்னால், மாங்காய் சீசன் மும்முரமாக இருந்த நேரம். சித்தூரில் வேலூர் ரோட்டுப் பக்கம் எனக்கு ஒரு சின்ன டூ-வீலர் ஒர்க் ஷாப். தனி ஆளாகத்தான் பார்க்கிறேன். கார்புரேட்டர் வண்டிக் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவன். வண்டி வாசலில் வந்து நிற்கும் சத்தத்திலேயே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அப்போது நிறையவே இருந்தது.

என்னிடம் வழக்கமாக வண்டி விடுகிறவர்களில் கிராமங்களுக்குப் போகிற ஒரு நர்ஸ் அக்காவும் உண்டு. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் மாம்பழக்கூழ் தயாரிக்கும் ஃபேக்டரியில் வேலை செய்தார். அவர் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவதால் வீட்டிலிருந்த கியர் பைக் அக்கா கைக்கு வந்துவிட்டது. தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மண் பாதையில் ஊர் ஊராகப் போவார். கியர் வண்டி ஓட்டும் பெண்கள் எங்கள் பக்கம் குறைவு என்பதால் போகிற இடமெல்லாம் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒருமுறை வழக்கமான சர்வீஸுக்கு விட்டு எடுத்துப் போனார். பத்து நாளில் திரும்பி வந்தார்.

"தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆவுது. அஞ்சாறு செகண்டு நல்லா ஓடுது. அப்பறம் சைலன்சர்ல டப்புனு ஒரு சத்தம். அப்படியே நின்னுபூடுது. தெனமும் இல்ல, எப்பவாச்சும் ஒருவாட்டிதான். நீ சர்வீஸ் பண்ணதுக்கு அப்பறம்தான் இப்பிடி."

கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். இந்த மாதிரிப் புது வண்டிகளில் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான் கவனிக்கிறது. ஏதாவது தப்பு இருந்தால் ஸ்கேனரில் காட்டும். ஒன்றும் காட்டவில்லை. ப்ளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். கிண்ணென்று ஓடியது. "நல்லா இருக்குதுக்கா" என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது முறையும் இதே கதை. மூன்றாவது முறை வந்தபோது நான் இறங்கிப் பார்க்கவே இல்லை. "கிளட்ச்சைச் சட்டுனு விட்டுடறீங்கக்கா, மெதுவா விட்டுப் பழகுங்க" என்று சிரித்தபடி சொன்னேன். பக்கத்து டீக்கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே அது நடந்தது. ஒரு கிராமத்தில் வேலையை முடித்து வண்டியைக் கிளப்பி, திருப்பதி ரோட்டைக் குறுக்கே தாண்டும்போது நடு ரோட்டில் இன்ஜின் நின்றுவிட்டது. தக்காளி ஏற்றி வந்த லாரி டிரைவர் பிரேக்கை மிதித்து ஒடித்ததில், லாரி அக்காவுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. பதறியதில் வண்டியோடு சாய்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். தடுப்பூசிப் பெட்டி உருண்டு ரோட்டோரம் போய்க் கிடந்ததாம்.

மறுநாள் அவர் கணவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதிர்ந்து பேசாத மனுஷன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நெஜம் சொல்லு தம்பி. கொற வண்டில இருக்குதா, அவ ஓட்றதுல இருக்குதா?"

"வண்டில ஒண்ணுமே இல்லண்ணா. மூணுவாட்டி பாத்துட்டேன். அக்காவுக்குக் கிளட்ச் பழக்கம் பத்தல" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அவர் தலையை ஆட்டினார். "அப்போ இது நம்மகிட்ட வேணாம். யாராச்சும் கேட்டா சொல்லு, குடுத்துடலாம்" என்று சாவியை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அக்காவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். பஸ் போகாத ஊர்களுக்கு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து போகிறாராம். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். இரண்டு வாரத்தில் வண்டியைக் கேட்டு ஒருவர் வந்தார். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நர்ஸ் அக்கா கடைக்கு வந்தார். முழங்கையில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது. கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் ஒரு கோடு போட்ட நோட்டு.

"என் பேச்ச நம்ப வேணாம் தம்பி. இத மட்டும் ஒருவாட்டி படிச்சிடு. அப்பறம் யாருக்கு வேணும்னாலும் குடு."

பேஷண்ட்டுக்கு ஜுரம் எழுதி வைப்பது போல வண்டிக்கு எழுதி வைத்திருந்தார். எந்த ஊர், எத்தனை மணிக்கு நிறுத்தியது, எத்தனை நிமிஷம் கழித்துக் கிளப்பியது, நின்றதா இல்லையா. நான் அவர் எதிரில் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "பாக்கறேங்க்கா" என்றேன். நம்பவில்லை. ஆனால் மறுநாள் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க எனக்குத் திருப்பதி போக வேண்டியிருந்தது. அவர் வண்டியிலேயே போய்வரலாம், வண்டியில் ஒன்றும் இல்லை என்று திங்கட்கிழமைக்கு முன்னால் அவருக்கு நிரூபித்துவிடலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதுதான் என் எண்ணம்.

திருப்பதிவரை வண்டி ஒரு இடத்தில்கூடத் தகராறு செய்யவில்லை. மனசுக்குள் ஒரு சந்தோஷம். கடை வேலையை முடித்துக்கொண்டு, திருச்சானூரில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, கோயிலுக்குப் போகும் ரோட்டில் ஒரு கடையோரம் நிறுத்தி டீ குடித்தேன். நல்ல வெயில். கிளம்பினேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. எதிர்ப்பக்கம் போக ரோட்டைத் தாண்டினேன். பாதி ரோட்டில் சைலன்சரில் டப்பென்று ஒரு சத்தம். கைக்குக் கீழே இன்ஜின் செத்துப்போனது.

பின்னால் வந்த ஷேர் ஆட்டோ கிறீச்சென்று நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "பண்டி நடப்படம் ராதா?" என்று தெலுங்கில் கத்தினார். வண்டி ஓட்டத் தெரியாதா என்று கேட்கிறார். உள்ளே பழக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தமிழில், "புச்சா கத்துக்கினு இருக்கான் போலக்குது, உடுப்பா" என்று எனக்காகச் சமாதானம் சொன்னார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாக வந்தேன். காதெல்லாம் சூடாக இருந்தது. கிளட்ச்சில் என் கை தப்பே செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆட்டோவில் இருந்த ஒருவருக்காவது அதை என்னால் சொல்லிப் புரியவைக்க முடியுமா?

ஒரு பூட்டிய லாட்ஜ் வாசலில் நிழலில் உட்கார்ந்து, டூல்ஸ் பையில் போட்டு வந்திருந்த அக்காவின் நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒருநாளும் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுக் கிளப்பினாலும் நிற்கவில்லை. நன்றாக ஓடி வந்து, பத்து, பன்னிரண்டு, பதினைந்து நிமிஷம் நிறுத்திவிட்டுக் கிளப்பினால்தான் நின்றிருக்கிறது. நான் என்ன செய்திருந்தேன்? பார்த்த இரண்டு தடவையும் ஆறிப்போன வண்டியைக் கிளப்பி, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

சூடாக நின்றால் எது கெடும் என்று யோசித்தபோதுதான், திருப்பதியிலேயே ஒருமுறை மெக்கானிக்குகளுக்கு நடத்திய பயிற்சி வகுப்பு ஞாபகம் வந்தது. சாப்பாட்டுக்குப் பின் நடந்த வகுப்பு. பாதி தூக்கத்தில் கேட்டது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும். ஒரு தடவை பெட்ரோலையும் காற்றையும் அமுக்கிக்கொண்டு வரும். அடுத்த தடவை எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு வரும். தீப்பொறி வேண்டியது அமுக்கும் தடவைக்கு மட்டும்தான். இந்த வண்டி ஸ்டார்ட் ஆகும்போது எது எது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் இரண்டு தடவையும் பொறியைப் போடும். ஓடத் தொடங்கி சில செகண்டுகளில், இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயில் அழுத்தம் எப்போது குறைகிறது என்று சென்சார் வழியாகப் பார்த்து, இது அமுக்கும் தடவை, இது தள்ளும் தடவை என்று முடிவுசெய்யும். அதற்குப் பிறகு அமுக்கும்போது மட்டும் பொறி.

அந்த முடிவு தப்பினால்? அமுக்கும்போது பொறி இருக்காது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் அங்கே டப்பென்று வெடிக்கும். இன்ஜின் நிற்கும். ஸ்டார்ட் ஆகி அஞ்சாறு செகண்டில். அக்கா முதல் நாள் சொன்ன அதே கணக்கு.

டூல்ஸ் பையை அங்கேயே பிரித்தேன். காற்றுக் குழாயிலிருந்து அந்த சென்சாருக்கு விரல் நீளத்தில் ஒரு ரப்பர் டியூப் போகிறது. அதைக் கழற்றி வளைத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் மெல்லிய கீறல். ஆறியிருக்கும்போது மூடிக்கொள்கிறது. ஓடி நின்ற இன்ஜினின் சூட்டில் ரப்பர் இளகி வாய் திறக்கிறது. காற்று கசிந்தால் சென்சார் தப்பாகத்தானே சொல்லும். கீறலுக்கு இரண்டு பக்கமும் பல் பல்லாக ஒரு அடையாளம் இருந்தது. அது மூக்குக் குறட்டின் பல். சர்வீஸின்போது கையால் வராத டியூபைக் குறட்டால் பிடித்து இழுத்தது நான்தான்.

வண்டி ஆறும்வரை காத்திருந்து அதே டியூபைப் பழையபடி மாட்டினேன். திரும்பவும் பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் புது டியூப் வாங்கி மாட்டினேன். ஊர் திரும்பும் வழியில் ஐந்து இடத்தில் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நிமிஷம் கழித்துக் கிளப்பினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

டியூபை மட்டும் மாற்றிவிட்டு, ஏதோ சின்ன ரிப்பேர் என்று சொல்லி வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு சபலம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோதும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் நேராக அந்த வண்டியில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

கணவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றார். நான் நின்றுகொண்டே சொன்னேன். "அண்ணா, கொற வண்டில தான். அந்தக் கொறய வெச்சதும் நான்தான். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

அவர், "நீ சொன்னன்னுதானேப்பா நான் சாவியப் புடுங்கினேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "அவகிட்ட குடு" என்று சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா சாவியைக் கேட்கவில்லை. "அந்த டியூபக் காட்டு" என்றார். பழைய டியூபைக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் வளைத்துக் கீறலைத் திறந்து பார்த்தார். ஊசி முனையைச் சரிபார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"வண்டி நின்னுச்சே, அதுக்கு எனக்குக் கோவம் இல்ல தம்பி. மிஷின்னா கெடும். ஆனா நீ சொன்னதிலிருந்து ஒவ்வொருவாட்டி நிக்கும்போதும், என் கை தப்பா, கால் தப்பான்னு நானே என்னப் பாத்துக்கினு இருந்தேன் பாரு, அது வேணாம். வேற யாருக்கும் அதப் பண்ணாத."

அப்புறம்தான் சாவியை வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை வந்தவரிடம் வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். அக்கா இப்போதும் அதே வண்டியில்தான் போகிறார், என்னிடம்தான் சர்வீஸுக்கும் விடுகிறார். அவர் ஏன் வேறு கடைக்குப் போகவில்லை என்று நான் கேட்டதில்லை.

திருப்பதி ரோட்டில் அந்த லாரிக்காரர் பிரேக்கை மிதிக்க ஒரு கணம் தாமதித்திருந்தால், ஓட்டத் தெரியாமல் போய் விழுந்தாள் என்றுதான் ஊரே சொல்லியிருக்கும். துக்கம் கேட்கப் போன வீட்டில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், அதுவும் மனசாரச் சொல்லியிருப்பேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் கை வேலையை நிறுத்திவிடுகிறது.