புளி போட்டு விளக்கிய செயின்

எங்கள் அம்மாவுக்கு அழுக்கு என்றால் ஆகவே ஆகாது. இலங்கையில் நிவித்திகலப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், யார் வீட்டுக் குத்துவிளக்கு நன்றாக மினுங்குகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். அப்பேர்ப்பட்டவளிடம் அப்பா தன் செயின்சோவை ஆயுதபூசைக்கு வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பா தோட்டத்துக்கு மரம் அறுக்கிறவர். அவருடைய மெஷினில் ஓடும் செயின் எண்ணெயும் மரத்தூளும் அப்பிக் கன்னங்கரேலென்று இருக்கும். இந்தக் கோலத்திலா சாமி படத்துக்கு முன்னால் வைப்பது என்று அம்மா அதைத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மெஷினைச் சாக்கால் சுற்றிவிட்டு, செயினைப் புளி போட்டு விளக்கினாள். அது போதவில்லை என்று உப்புத்தாளை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். நான் நாலாம் வகுப்பு. பக்கத்தில் குந்தியிருந்து வாயைப் பிளந்து பார்த்தேன். அவ்வளவு அழகு! அப்பா பொரிகடலையோடு திரும்பி வந்தபோது மெஷின் பூமாலைக்குள் மறைந்திருந்தது. பூசைக்கு வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. அவரும் தொடவில்லை.

விடிய விடிய மழை. காலையில், நிறைமாதமாக இருந்த சித்திக்கு வலி கண்டுவிட்டது. முதலில் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்ததால், வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயமே பதறியது. சித்தியைத் தாங்கிப் பிடித்து த்ரீவீலில் ஏற்றி, அவள் கையை இறுக்கிப் பிடித்தபடி அம்மா உட்கார்ந்துகொண்டாள். சித்தப்பா முன்னால் ஏறினார். போன வேகத்தில் முதல் முடக்கிலேயே வண்டி நின்றது. மழையில் ஒரு கிழட்டுப் பலாமரம் பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு வேறு வழி கிடையாது.

அப்பா பூசைமாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு மெஷினோடு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். மெஷின் ஒரே இழுப்பில் உறுமியது. மரத்தில் வைத்தால் புகைதான் வந்தது. சிராய் தெறிக்க வேண்டிய இடத்தில் மஞ்சள்தூள் மாதிரி மாவு கொட்டியது. அப்பா மெஷினை நிறுத்தி, பளபளத்த செயினில் பெருவிரலை வைத்துப் பார்த்தார்; ஒரு பல்லிலும் கூர் இல்லை. பிறகு வண்டிக்குள் இருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகம் செத்துப்போனது.

அவர் மரத்தின்மேல் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து உருட்டு அரத்தை எடுத்தார். மெஷினின் பிடியில் அம்மா வைத்த குங்குமத்தை விரலில் தொட்டு, தொடங்கும் பல்லில் அடையாளம் வைத்தார். அரத்தை ஒரே பக்கமாக, உள்ளிருந்து வெளியே தள்ளித் தள்ளி ராவினார். ஒரு பல்லுக்கு எத்தனை தள்ளோ அத்தனைதான் அடுத்ததற்கும். வண்டிக்குள் சித்தி அலறுகிறாள். இவர் ஒரு பல்லைக்கூட விடவில்லை. சித்தப்பாவால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, உள்ளுக்க உசிரு போகுது. நீங்க உக்காந்து ராவிக்கிட்டு இருக்கீங்க. நேத்தே இதப் பாக்காம என்னா செஞ்சீங்க?"

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. "நேத்து ஒரு கல்லுல பட்டுருச்சுப்பா. பாக்காம வச்சிட்டேன். என் தப்புதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றெல்லாம் மெஷின் வீட்டிலேயே கிடந்தது, கல்லாவது மண்ணாவது! நான் வாயைத் திறப்பதற்குள், எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவா என்று அப்பா என்னை விரட்டினார். சித்தப்பா வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தார். குங்குமம் வைத்த பல் மறுபடி கைக்கு வரும்வரை அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ராவினார்.

எண்ணெய் விட்டு மறுபடி இழுத்தார். இந்தத் தடவை அவல் மாதிரிச் சிராய் பறந்தது. ஐயோ, அதைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு இடத்தில் அறுத்து, நடுத்துண்டை ஆட்கள் பாதையோரக் கானுக்குள் உருட்டிவிட்டார்கள். த்ரீவீல்காரர் சிங்கள நாட்டுக்காரர், சரி சரி என்கிற மாதிரி "ஹரி, ஹரி" என்று கத்திக்கொண்டே சந்துக்குள் வண்டியை நுழைத்துப் பறந்தார். மத்தியானம் போன் வந்தது. பெண் பிள்ளை, தாயும் சுகம். லயமே சிரித்தது. பொழுதுபட வீடு வந்த அம்மா நனைந்த சேலையோடு தரையில் உட்கார்ந்து அழு அழு என்று அழுதாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மிச்சப் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளை இப்போது பட்டம் படிக்கக் கம்பஸ் போகிறாள். அவளுடைய பிறந்தநாள் தவறாமல் சித்தப்பா, அண்ணன் மெஷினைக் கல்லில் விட்ட கதையைச் சொல்லிச் சிரிப்பார். அப்பா ஆமாம்பா என்று தலையாட்டுவார். அம்மா எழுந்துபோய் அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவாள்.

எனக்கோ அன்றைக்கு ஒரே ஆத்திரம். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிறவர், இத்தனை பேருக்கு முன்னால் கூசாமல் புளுகினாரே! படுத்தபடி யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தேன். மரம் சாயும்போதுகூட அசராத எங்கள் அப்பாவுக்கு, அம்மா என்றால் அவ்வளவு பயம்.