வெறும் வயிற்றில் கருப்பட்டிக் காப்பி

நாகர்கோவிலில் நான் ஸ்கேன் டெக்னீஷியனாக இருந்தபோது, மூளையிலுள்ள சர்க்கரையை எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் ஊசியில்லாமல் அளக்கும் ஆய்வு நடந்தது. வெறும் வயிற்றில் ஓர் அளவு, குளுக்கோஸ் குடித்தபின் இன்னோர் அளவு. நான் எடுத்த ஸ்கேன்களிலோ வெறும் வயிற்று அளவே ஏறி நின்றது. நான் எந்திரத்தைத் திட்டினேன். டாக்டர் என்னைத் திட்டினார்.

உதவிக்கு அருமனையிலிருந்து ஓர் அக்கா ஒரு வாரம் வந்தார். ஒல்லி உடம்பு, பெரிய கண்ணாடி. வருகிறவர்களைப் படுக்கவைக்குமுன் அருகே குனிந்து முகர்ந்து பார்ப்பார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அன்று வந்தவன் இராஜாக்கமங்கலத்து மீன்காரப் பையன்.

"கருப்பட்டிக் காப்பி குடிச்சியா மக்கா?"

"காப்பிதானே அக்கா, ஒண்ணும் திங்கல்லியே!"

அவனை மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் வரைபடத்தில் சர்க்கரையின் மேடு சின்னதாக, சரியாக விழுந்தது. டாக்டர் என் முன்னாலேயே அக்காவைப் பாராட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

"தப்பு இவருமேல இல்ல சார். சாப்பிடாம வான்னு சொன்னா, இங்க யாரும் காப்பியச் சாப்பாட்டுக் கணக்குல சேக்கமாட்டாவ" என்றார் அக்கா. எனக்காக அவர் பரிந்து பேசியதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அக்காவின் பெயர்கூட மறந்துவிட்டது. அந்தக் காப்பிக் கேள்வியை மட்டும் ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் இன்றும் தினமும் கேட்கிறேன். "இது எப்படித் தோணிச்சு உங்களுக்கு?" என்று புது டாக்டர் வியந்தார்.

"அனுபவம் சார்" என்றேன்.