வெள்ளிக்கிழமை, படகு பராமரிப்பு

ஈர லைஃப் ஜாக்கெட்டுக்கு ஒரு வாடை உண்டு. பாசியும் பழைய ரப்பரும் கலந்த வாடை. ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சட்டை, சாப்பாட்டு டப்பா, ஏன், தலையணை வரைக்கும் அந்த வாடைதான்...

சேலத்திலிருந்து மலையேறிப் போனவன் நான். விருந்தாளிகளுக்கு டூர் பிளான் போடுவது என் வேலை. கொட்டச்சேடு போகிற வழியில் ஓர் எஸ்டேட்டுக்குள் சின்ன ஏரி இருந்தது. மழை முடிந்தால் கிளுவையும் மற்ற வாத்துகளும் கூட்டமாக வந்து இறங்கும். 'பறவைகள் தங்கும் இடம், கல் எறியாதீர்' என்று எஸ்டேட்டிலேயே போர்டு வைத்திருந்தார்கள். அங்கே மூன்று துடுப்புப் படகுகள் விட்டிருந்தோம். ஆறரைக்குக் கிளம்பினால் எட்டரைக்குப் பூரி சாப்பிடத் திரும்பிவிடலாம்.

படகுகளைப் பார்த்துக்கொண்டவர் பொன்னன் அண்ணன். தலைச்சோலைக்காரர், கொஞ்சம் காப்பித் தோட்டமும் உண்டு. விருந்தாளிகள் கூச்சல் போட்டால், "மெதுவாப் பேசுங்க, அதுங்க நொம்பத் தூரத்துல இருந்து வந்திருக்குதுங்க" என்பார். ஏதோ சம்பந்தி வீட்டார் வந்திருப்பது போல.

வாத்து வருகிற மாதங்களில் இன்னும் இரண்டு பேர் வருவார்கள், நாட்டுத் துப்பாக்கியோடு. அது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் வெடிச் சத்தம் கேட்டுப் படகில் இருந்த ஓர் அம்மா அலறிவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொருக்கா இப்படி ஆகக் கூடாது, பாத்துக்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன். எப்படித் தெரியுமா? போலீசுக்கோ ஃபாரஸ்ட் ஆபீசுக்கோ போன் போடவில்லை. நம்பர் விசாரித்து, சுடுகிறவர்களுக்கே போட்டேன். "ஏனுங்கண்ணா, நீங்க என்னிக்கு வருவீங்கன்னு சொல்லிட்டா, அன்னிக்கு நாங்க வரலீங்க."

வெள்ளிக்கிழமை காலை அவர்களுக்கு, மற்ற நாளெல்லாம் எங்களுக்கு. இதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு அன்று நிம்மதியாகத் தூங்கினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பிளான் போர்டில் ஏதாவது காரணம் எழுத வேண்டுமே... 'வெள்ளி: படகு பராமரிப்பு' என்று எழுதினேன். பொன்னன் அண்ணனிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் விட மாட்டார், சண்டைக்குப் போவார் என்று பயம். "வெள்ளிக்கிழம லீவு எடுத்துக்குங்கண்ணா" என்றதோடு சரி.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாமலும், எஸ்டேட் வாட்ச்மேனிடமிருந்து போன்.

லீவு என்றால் வீட்டில் இருக்கிற ஆளா அவர்? ஒரு படகில் லேசாக விரிசல் இருந்தது. போர்டில்தான் பராமரிப்பு என்று போட்டிருக்கிறதே என்று, பசையும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு நடந்தே போயிருக்கிறார். படகைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மறைவில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வாத்து சுட வந்தவர்கள் அவரைப் பார்க்கவில்லை.

இடது கை முழுக்கத் துப்பாக்கி ரவை. ரிசார்ட் ஜீப்பையும் டிரைவரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அந்தக் கையை என் மடியில்தான் வைத்திருந்தேன்.

"உங்கள ஒரு வார்த்த கேட்டுப்போட்டுப் போயிருக்கோணுங்க சார். லீவு குடுத்தும் போனது என்ற தப்புங்க" என்றார்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான், "பரவால்லீங்கண்ணா" என்றேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் விசாரித்தபோது யார் சுட்டது என்று தெரியாது என்றேன். அதற்கு முன்பே அந்த நம்பரை போனிலிருந்து அழித்திருந்தேன். பொன்னன் அண்ணனுக்கு இரண்டு விரல் மடங்காமலே போயிற்று. துடுப்புப் பிடிக்க முடியாமல் வேலையை விட்டார். அடுத்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு கிடைத்தது.

போன மாதம் மகளோடு ஏற்காடு போயிருந்தேன். அந்த ரிசார்ட் கைமாறிவிட்டது. அந்த ஏரியில் இப்போது படகும் இல்லை, துப்பாக்கியும் இல்லையாம். வாத்துகள் நிம்மதியாக வந்து போகின்றன என்றார்கள். எல்லாமே அன்றைக்கு இருந்ததை விட நன்றாகத்தான் இருக்கிறது, என்னைத் தவிர.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் பொன்னன் அண்ணன்தான் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தார். என் மகளின் தலையைத் தடவி, "கண்ணு, உங்கப்பா மட்டும் அன்னிக்கு ஜீப்ப எடுத்துக்கிட்டு ஓடி வரலீன்னா என்ற கையே போயிருக்கும்" என்றார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே...

வீடு வரும் வரை, "என்னப்பா ஆச்சு, சொல்லுப்பா" என்று நச்சரித்தாள். சொன்னேன். ஜீப் கிளம்பியதிலிருந்து மட்டும்.

பொன்னன் அண்ணன் பேஸ்புக்கில் இல்லை. தேடிப் பார்த்து, அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.