சம்மனசுப் பதக்கம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் பார்ப்பது தரச் சோதனை வேலை. வருகிற ஒவ்வொரு உருப்படியையும் சந்தேகத்தோடு பார்க்கத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்தக் குணம் ஷிப்டு முடிந்ததும் நின்றிருந்தால் என் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். நிற்கவில்லை. சனிக்கிழமை ஆனால் ஆவடிப் பக்கம் பழைய பாத்திரக் கடைகளை மேயப் போய்விடுவேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பலர் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஊர் அது. அவர்கள் காலத்துக்குப் பிறகு பித்தளைக் குடத்தோடு சேர்ந்து பதக்கமும் எடைக்குப் போகிறது. அப்படி ஒன்றை நான் கையில் எடுத்த நாளில் பிடித்த பைத்தியம் இது.

பதக்கம் சேர்ப்பவன் முகப்பை அதிகம் பார்ப்பதில்லை. ஒரே போருக்கு அடித்தவை எல்லாவற்றிலும் முகப்பு ஒன்றுதான். விளிம்பைத்தான் பார்ப்போம். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து சண்டைக்குப் போனவர்களின் பதக்க விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று பொடி எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். பெயர் இருந்தால் அது ஒரு ஆள். இல்லாவிட்டால் வெறும் உலோகம், விலையும் மளமளவென்று இறங்கிவிடும். சாதாரண ஆளின் பெயரை அரத்தால் ராவிவிட்டு, பெரிய வீரனின் பெயரை வெட்டி விற்கிற கில்லாடிகளும் உண்டு. ராவிய இடத்தில் விட்டம் குறையும். விட்டம் அளக்கிற என் வெர்னியர் அளவுகோலிடம் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு அக்கா வேலை பார்க்கிறார். பூந்தமல்லியிலிருந்து வருகிற கத்தோலிக்கர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை ஒதுக்கிவிட்டு என் முன்னால் ஒரு கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார்.

“தம்பி, நீ இந்த மெடலுங்கல்லாம் பாப்பியாமே. இத்த பாத்து ஒரு வார்த்தை சொல்லு.”

கறுப்புக் கயிற்றில் கோத்த வட்டத் தகடு. யாரோ ஒரு ஆசாரி அதற்கு வெள்ளியில் சட்டம் கட்டி, பின்பக்கத்தையும் வெள்ளித் தகட்டால் மூடியிருந்தார். முன்பக்கத்தில் சிறகு விரித்து நிற்கும் ஓர் உருவம். முத்தம் கொடுத்துக் கொடுத்தே முகம் மழுங்கியிருந்தது.

“சம்மனசு” என்றார் அக்கா. தேவதூதனை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். “எங்க ஊட்டு பொம்பளைங்க பிரசவத்துக்குப் போறப்ப இத்த கழுத்துல போட்டுகினுதான் போவோம். எங்கம்மா போட்டாங்க, நான் போட்டேன். எம் பொண்ணு மட்டும் போன தபா போடல. கொயந்த தங்கல. இப்ப மறுபடி மாசம் நெருங்கிடுச்சு.”

மகளைக் கட்டிக்கொடுத்த இடம் ஆவடி. திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட புராட்டஸ்டண்ட் குடும்பம். இப்படிப் புனித உருவம் பொறித்த சுரூபத்தை உடம்பில் கட்டுகிற வழக்கம் அவர்களிடம் கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகட்டை உற்றுப் பார்த்துவிட்டார். இது தேவதூதன் இல்லை, ஒரு பொம்பளை, எந்த ஊர் சாமியோ, என் மருமகள் கழுத்தில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். மகளோ அது இல்லாமல் ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்கமாட்டேன் என்று அழுகிறாள்.

“சம்மனசுதான்னு நீ சொல்லிட்டா போதும் தம்பி. வெவரம் தெரிஞ்ச ஆளு சொன்னா அந்தம்மா கேப்பாங்க.”

பார்த்தவுடனேயே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முதல் உலகப் போர் முடிந்ததும் ஜெயித்த பக்கத்தார் கொடுத்த வெண்கலப் பதக்கம். சிறகோடு நிற்பவள் வெற்றி தேவதை. சம்பந்தியம்மாவுக்குத் தரச் சோதனையில் தாராளமாக வேலை கொடுக்கலாம். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம்தான். என் வாய் அப்படிப் பழகவில்லை.

“அக்கா, இது சம்மனசு இல்ல. சண்டைக்குப் போனவங்களுக்குக் குடுத்த மெடல்.”

அக்கா கைக்குட்டையை முடிந்தார். சோற்றைத் தொடாமல் டிபன் பாக்ஸை மூடினார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெள்ளிச் சட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கும் என்ற அரிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“சட்டத்தப் பிரிச்சா விளிம்புல பேரு இருக்கும்க்கா. யாரு போட்டிருந்த மெடலுன்னு தெரிஞ்சிடும்.”

“மந்திரிச்ச பொருள பிரிக்கிறதா? போ, போய் உன் வேலையப் பாரு.”

அந்த வாரம் முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் அந்த விளிம்பையே நினைத்துக்கொண்டு இரண்டு நல்ல உருப்படிகளைக் கழித்துப்போட்டுத் திட்டு வாங்கினேன். சனிக்கிழமை ஷிப்டு முடிந்து நான் கிளம்பும்போது அவரே வந்தார்.

“நாளைக்குப் பூசை முடிஞ்சி ஊட்டுக்கு வா. அந்தம்மாவும் வர்றாங்க. அவங்க முன்னாடியே பிரி. இன்னா வருதோ வரட்டும்.”

மெட்ரோ தூண் போடுகிற புழுதியை எல்லாம் தலையில் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மகள் மின்விசிறிக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. சம்பந்தியம்மா மடியில் வேதாகமப் பையோடு எதிரில் இருந்தார். நான் இது போர்ப் பதக்கம் என்பதை அவருக்கும் சொன்னேன். அவர் சமாதானமாகிவிடுவார் என்று நினைத்தது என் மடத்தனம்.

“சண்டைக்குப் போனவரு எத்தன உசுர எடுத்தாரோ, யாருக்குத் தெரியும்? அந்தப் பாவத்தப் பிள்ளத்தாச்சி கழுத்துல கெட்டணுமாக்கும்?” என்றார்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். வீட்டில் கேள்விப்பட்டது ஒன்றே ஒன்றுதான் என்றார் அவர். தாத்தாவின் அப்பா கப்பலேறிப் போய்த் திரும்பி வந்தாராம். அங்கே என்ன செய்தார் என்று வாயே திறந்ததில்லையாம். உள்ளே வேறு யாரோ ஒருவரின் பெயர் இருந்தாலும் இருக்கும் என்று நான் எச்சரித்தேன். சொல்லாமல் பிரிப்பது சரியில்லை. அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, பிரி என்று தலையசைத்தார்.

பிளேடு முனையால் வெள்ளியின் உதட்டை மெல்ல நெம்பினேன். அது கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, கடைசியில் தகடு என் உள்ளங்கையில் விழுந்தது. முகப்பு மழுங்கியிருந்ததே தவிர, சட்டம் மூடிக் காத்ததால் விளிம்பு அசலான பழுப்பு நிறத்தோடு இருந்தது. சுற்றிலும் எழுத்து.  பழக்க தோஷம், முதலில் வெர்னியரை வைத்தேன். எங்கே வைத்தாலும் ஒரே அளவு. யாரும் ராவவில்லை, எதையும் மாற்றவில்லை.

லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பெயரைப் படித்தேன். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு புனிதரின் பெயர், ஆங்கிலத்தில் கன்னாபின்னாவென்று எழுதியிருந்தது. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“எங்க தாத்தாவோட அப்பாதான்.”

பெயருக்கு முன்னால் பதவியும் பின்னால் படைப்பிரிவும் இருந்தன. சரியாகத்தான் படிக்கிறேனா என்று ஜன்னல் பக்கம் போய் இன்னொரு முறை படித்தேன். சந்தேகமே இல்லை.

“இவரு சிப்பாய் இல்லம்மா” என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். “சண்டை நடக்குற எடத்துல அடிபட்டு விழுந்தவங்கள ஸ்ட்ரெச்சர்ல தூக்கினு வர்ற ஆளு. அதுக்குன்னே தனிப் படைப்பிரிவு இருந்தது.”

“துவக்கு வச்சிருப்பாரா?”

“ரெண்டு கையிலயும் ஸ்ட்ரெச்சர் இருக்கும். துப்பாக்கிய எங்க பிடிக்கிறது?”

பதக்கம் சேர்ப்பவர்கள் நடுவில் இந்த ஆட்களுக்கு மவுசு குறைவு. அதிகாரி, பீரங்கிக்காரன் எல்லோருக்கும் பின்னால், கடைசியில்தான் இவர்கள் விலை வரும். நானே இப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

சம்பந்தியம்மா கையை நீட்டினார். கொடுத்தேன். லென்ஸையும் கேட்டு வாங்கி, உதடு அசைய ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.  திரும்பவும் சட்டம் கட்டித் தரட்டுமா என்று நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“வேண்டாம்ணா. பேரு தெரியட்டும்” என்றாள் மகள்.

சம்பந்தியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். “கழுத்துல வேண்டாம், எங்க வழக்கம் இல்ல” என்றார். அக்காவின் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்க்காமலே அவர் மருமகளின் கையை இழுத்து, கறுப்புக் கயிற்றைப் பதக்கத்தின் உச்சியிலிருந்த வளையத்தில் கோத்து, மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.

“எத்தன பேரத் தூக்கிட்டு வந்தவரு. எம் மருமவளயும் பிள்ளையயும் விட்டுட்டா வந்திருவாரு?”