வந்தவர்களை வரவில்லை என்றார்கள்

கல்லூரியில் அவளுக்குப் பெயர் சிக்னல் அக்கா. கம்ப்யூட்டர் அறையைத் திறப்பதும் துடைப்பதும் பூட்டுவதும்தான் வேலை. இருபது கம்ப்யூட்டர்களில் பதினொன்றுதான் உயிரோடு இருந்தன. இன்டர்நெட் கருவியை ஜன்னல் கம்பியில் கிழிந்த துணியால் கட்டியிருந்தாள். வேறெங்கு வைத்தாலும் சிக்னல் வராது.

அந்த ஆண்டு பருவத் தேர்வு முழுக்க ஆன்லைன் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. முப்பத்திரண்டு பேர் எழுத வந்திருந்தார்கள். முதல் பதினொரு பேர் மூன்றாவது கேள்வியைத் தொட்டதும் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் தங்கள் முறைக்காக வெளியே காத்து நின்றார்கள். மதியம், நேரம் முடிந்துவிட்டது என்றது திரை. பத்து நாள் கழித்து வந்த முடிவில் முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே சொல்: 'வரவில்லை'.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாணவர்கள் கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "நமக்கெதுக்கும்மா வம்பு" என்றார் முதல்வர். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பஸ் மாறித் தேர்வு அலுவலகம் போனாள்.

அதிகாரி பதிவேட்டைத் தொடக்கூட இல்லை. "புகார்னா ஆன்லைன்ல போடுங்கம்மா."

"நெட்டு இல்லன்னு சொல்றதையும் நெட்டுலதான் சொல்லணுமா சார்?"

"மத்த காலேஜ்லாம் எழுதிட்டாங்களே. உங்களுக்கு மட்டும் என்ன?"

"பக்கத்து ரூம்ல உங்க ஆளு ஒருத்தர் நெட்டுல படம் பாத்துட்டிருக்காரு. எங்க பிள்ளைங்க சிக்னலுக்காகத் தண்ணி டேங்க் மேல ஏறி நின்னு செல்லுல பாடம் இறக்குதுங்க. அதுங்க வரலைன்னு எழுத எப்படி சார் மனசு வந்துச்சு?"

"கத்தாதீங்க."

"கத்தல. நீங்க இதைப் பாக்குற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

மூன்று நாள் வந்து வந்து உட்கார்ந்தாள். நான்காம் நாள், தொல்லை தாங்காமல் அதிகாரி ஓர் ஆய்வாளரை அனுப்பினார். அவர் கம்ப்யூட்டர் அறையிலிருந்து அலுவலகத்துக்கு இரண்டு வரி அனுப்ப முக்கால் மணி நேரம் போராடினார். கடைசியில் அவளிடமே காகிதம் வாங்கி அறிக்கையைக் கையால் எழுதினார்.

அடுத்த மாதம் பேனாவும் காகிதமுமாக மறுதேர்வு நடந்தது. எழுதியவர்கள் இருபத்தேழு பேர். மற்ற ஐவர் அதற்குள் படிப்பை விட்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, வகுப்பில் முதலாவதாக வரும் பெண், சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கப் போய்விட்டாள்.

சிக்னல் அக்கா அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனாள். வாசலில் நின்ற அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பரீட்சைக்கே போகலைன்னு மார்க் ஷீட்லயே போட்டிருந்துச்சேம்மா. பொய் சொல்லிட்டு ஊர் சுத்துறான்னு அவங்கப்பா நிறுத்திட்டாரு."

"வந்தாம்மா. என் கண்ணு முன்னாலதான் உக்காந்திருந்தா. காலையிலேர்ந்து சாப்பிடக்கூட எந்திரிக்கல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கம்பெனியில் ஒரு வருஷத்துக்கு வேலையை விடக் கூடாது என்று எழுதி வாங்கிவிட்டார்களாம்.

அடுத்த பருவமும் ஆன்லைன் தேர்வுதான் என்று போன வாரம் சுற்றறிக்கை வந்திருக்கிறது.